மூன்றாவது தட்டலுக்குப் பிறகு

பாஸ்போட்டைத் தேடி அலுமாரியின் அடித்தட்டைக் கிளறியபோது, ஹோட்டலில் வேலை செய்த காலத்து மண்ணிறச் சட்டை கையில் அகப்பட்டது. அதன் பையில் நாலாக மடித்த தாள் ஒன்று. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சட்டையை யாருக்கும் கொடுக்காமல், நானும் உடுக்காமல், எட்டு வருசமாக அடியில் போட்டு வைத்திருந்தேன். தாளின் ஒரு பக்கம் சலவைக்குப் போகும் பெட்சீட், தலையணை உறை, துவாய் என்று அச்சடித்த பட்டியல். மறுபக்கம் நீலப் பேனையால் ஐந்து ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே தமிழில் பர்ளு, சுன்னத்து, ஹராம் என்று எழுதியிருக்கும். எழுதியது நானல்ல. நெற்றியில் திருநீறு பூசாமல் வேலைக்கு வராத ஒரு காரைதீவுப் பிள்ளை. எங்கள் அறை வேலைக்காரர் எல்லோருக்கும் மேலாக இருந்தவர். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம், அவர் என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார்.

இன்னும் பதினொரு நாளில் நானும் மனைவியும் உம்றாவுக்குப் புறப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ். எங்கள் சாய்ந்தமருதுப் பக்கம் மக்காவுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் வீடு வீடாய்ப் போய்ப் பயணம் சொல்வார்கள். தெரிந்தோ தெரியாமலோ மனம் நோகச் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்பார்கள். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவனிடமே அழுது கேட்கலாம். மனிசருக்குச் செய்ததை அந்த மனிசர் பொறுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த விசயம் இது. மச்சானிடம் போனேன், வேலிச் சண்டையில் ஒரு வருசம் முகம் பார்க்காமல் இருந்தவர், கட்டிப்பிடித்து அழுதார். முன்பு வேலை செய்த அரிசி ஆலைக்காரரிடம் போனேன். மீன் கொண்டு வருகிறவரிடமும் கேட்டேன். "உங்களுக்கும் எனக்கும் என்ன நானா, ரெண்டு கீரி மீனுக்குப் பேரம் பேசினதா?" என்று சிரித்தார். எல்லா வீடும் முடிந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் என்னை இருக்கவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. தொழுகைக்குத் தக்பீர் கட்டினால் எத்தனையாவது ரக்அத் என்ற கணக்குப் பிசகுகிறது. பின்னேரத்து அஸர்த் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைதீவுச் சந்தி வரை போவேன். அங்கே ஒரு பெற்றிக்கடையில் தேவையில்லாத ஒரு சோடாவைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். நாலு நாள் இப்படிப் போய் வந்தேன். சைக்கிளில் போனாலும் வியர்க்காத தூரம் அது.

நாற்பது வயதுக்கு மேல்தான் நான் ஹோட்டல் வேலைக்குப் போனேன். ஆலையில் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு, சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, பொத்துவில் பக்கத்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கிலம் என்றால் மருந்துப் போத்தலில் இருக்கிற எழுத்து, அவ்வளவுதான். மிஸ் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவராக இருப்பார். முதல் நாள் எங்கள் ஏழு பேரையும் சலவை அறைக்குக் கூட்டிப்போய், காயவைத்த துவாய் மூட்டைகளின் மேல் இருக்கச் சொன்னார். சவர்க்கார வாசமும் சூடும் மூச்சை அடைக்கும் இடம் அது. பலகை இல்லை. இஸ்திரி மேசையில் சலவைப் பட்டியலைக் கவிழ்த்துப் போட்டு எழுதுவார்.

"இங்கிலீசு முழுக்கப் படிக்க வேணாம். அஞ்சு சொல்லுப் படிங்க, போதும். எது கட்டாயம் செய்யோணும், எது செஞ்சா நல்லம், எது செய்யலாம், எது செய்யாம இருந்தா நல்லம், எது செய்யவே கூடாது. உங்கட வேலை முழுக்க இந்த அஞ்சுக்குள்ள இருக்கு" என்றார். பிறகு மஸ்ட், ஷுட், மே என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி, எங்களையும் சொல்ல வைத்தார். ஐ மஸ்ட் நொக். ஐ மஸ்ட் வெய்ட். மே ஐ க்ளீன் யுவர் ரூம், மெடம்? நாங்கள் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னோம். மறுநாள் கேட்டால் எல்லாம் குழம்பிப் போயிருக்கும். அட்டாளைச்சேனைத் தம்பி ஒருவன் எங்களோடு இருந்தான். வாய் சும்மா இராது. "ஐ மஸ்ட் ஸ்லீப், மிஸ்" என்பான். சிரித்துச் சிரித்தே வகுப்பு முடிந்துவிடும்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ எனக்கு ஒன்று தோன்றியது. யோசிக்காமல் வாயை விட்டுவிட்டேன்.

"மிஸ், இது எங்களுக்குச் சின்னதுலயே தெரிஞ்ச சாமான்தானே. மஸ்ட் எண்டா பர்ளு. ஷுட் எண்டா சுன்னத்து."

மிஸ் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பிடியெண்டா என்ன நானா?"

"பர்ளு விட்டாப் பாவம். சுன்னத்து செஞ்சா நன்மை, விட்டாக் குத்தமில்ல. முபாஹ் எண்டு ஒண்டு இரிக்கி, அது உங்கட மே. செய்யலாம், விடலாம். மக்ரூஹ் எண்டா வெறுப்பான காரியம், விட்டா நல்லம். ஹராம் எண்டா கிட்டவும் போகப் படாது."

"அல்லாஹ்வே, நானா ஹோட்டல மதரஸாவாக்கிட்டாரு" என்றான் அட்டாளைச்சேனைத் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. அந்த ஐந்தையும் என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டு, எழுத்துக்கூட்டி, ஆங்கிலச் சொற்களுக்கு நேரே எழுதினார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பு ஒரு நிமிசத்தில் புரியத் தொடங்கியது. விருந்தாளியின் பேர்ஸைத் தொடுவது ஹராம். போகும்போது துவாயை மடித்து அன்னம் மாதிரிச் செய்து கட்டிலில் வைப்பது சுன்னத்து. ஜன்னல் திரையைத் திறந்து வைப்பது முபாஹ். ஒரு நாள் மிஸ் கோபத்தோடு வந்து, "ஆரு ஏழாம் நம்பர்ல குளியலறை கழுவாம வந்தது? பர்ளை விட்டவர் கையைத் தூக்குங்க" என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு இந்துப் பிள்ளையின் வாயில் அந்தச் சொல் வந்தபோது எங்களுக்கு வெட்கமாயும் இருந்தது, பெருமையாயும் இருந்தது.

ஆனால் ஒரு விசயத்தில் நான் இடறினேன். கதவைத் தட்டுகிற விசயம். மூன்று தரம் தட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஹவுஸ்கீப்பிங் என்று சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் எங்களிடம் உள்ள திறப்பால் திறந்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஹோட்டல் சட்டம். எங்கள் மார்க்கம் சொல்லித்தந்த ஒழுங்கோ வேறு. ஒருவர் வீட்டு வாசலில் மூன்று தரம் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும். அதை மிஸ்ஸிடம் சொன்னேன்.

"நல்ல பழக்கம்தான் நானா. வீடு எண்டா அப்பிடித்தான் வரோணும். ஆனா இது தனியா வந்து, ஊர் பேர் தெரியாத இடத்துல கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிற சனம். சத்தம் வராட்டித்தான் உள்ள போய்ப் பாக்கோணும். இது உங்களுக்குப் பர்ளு. விளங்குதா?"

"ஓம் மிஸ்" என்றேன். விளங்கத்தான் செய்தது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நான் எனக்கே வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போக வேண்டும். மெனேஜர் கொழும்புக்காரர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் நடுப்பகலில் ஒன்றரை மணித்தியாலம் அறை வேலைக்காரர் யாரும் இல்லாமல் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. மிஸ்தான் அவரோடு வாதாடி, வெள்ளிக்கிழமை அறைகளை முன்கூட்டிப் பிரித்து, மிச்சத்தைத் தானே துடைப்பத்தோடு இறங்கிச் செய்து, எங்களை அனுப்பி வைத்தார். ஏதாவது ஒரு பிழை நடந்தால் அன்றோடு இந்த ஏற்பாடு நின்றுவிடும் என்று மெனேஜர் சொல்லியிருந்தார். அதுவும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை என் பங்கில் கடைசி அறை தென்னைகளுக்குப் பக்கத்தில் தள்ளியிருந்த அறை. வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் தனியாகத் தங்கியிருந்தார். பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. அட்டாளைச்சேனைத் தம்பி வெளியே மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு, "நானா, குத்பா போகப் போகுது, வாங்க" என்று, ஜும்ஆப் பிரசங்கம் தவறிவிடும் என்ற அவசரத்தில் கத்துகிறான். நான் தட்டினேன். ஹவுஸ்கீப்பிங். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். மூன்றாவது தரமும் தட்டினேன். திறப்பு என் இடுப்பில் தொங்கியது. திறந்தால் கட்டில் விரிக்க வேண்டும், குளியலறை கழுவ வேண்டும், இருபது நிமிசம் போய்விடும். அப்போது என் மனம் எவ்வளவு கெட்டித்தனமாய் வேலை செய்தது தெரியுமா? மூன்று தரம் தட்டியாயிற்று, பதில் இல்லை, திரும்புவதுதானே மார்க்கம் என்று அது சொன்னது. எனக்கு வசதியான ஒன்றுக்கு மார்க்கத்தின் பெயரை வைத்துக்கொண்டு திரும்பினேன். அன்று பள்ளியில் முன் வரிசையில் இடம் கிடைத்தது. அதற்காக அல்ஹம்துலில்லாஹ் என்றும் சொன்னேன்.

திரும்பி வந்து சலவை மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டரை மணி இருக்கும், மிஸ் வந்தார்.

"நானா, தென்னையடி ரூம் முடிஞ்சுதா?"

"பதில் இல்ல மிஸ். பிறகு போவம் எண்டு வந்துட்டன்."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

நான் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தேன். மிஸ் என் இடுப்பிலிருந்த திறப்பைப் பறித்துக்கொண்டு ஓடினார். பின்னால் நானும் ஓடினேன். அந்த அம்மா குளியலறைத் தரையில் கிடந்தார். காலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, எழும்ப ஏலாமல், கைக்கு எட்டிய துவாயை இழுத்து உடம்பை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. கத்தக் குரல் இல்லை. மிஸ் தன் மடியில் அவர் தலையைத் தூக்கி வைத்துத் தண்ணீர் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தார். அம்புலன்ஸ் வந்து, ஒரு பக்கம் நான் பிடித்துத் தூக்கி ஏற்றும்போது, அந்த அம்மா என் சட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். ஏதோ சொன்னார். மிஸ் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்.

"நீங்க தட்டினது கேட்டதாம் நானா. எண்ணினவவாம், மூண்டு. மறுகா கால் சத்தம் போனதும் கேட்டதாம்."

எனக்கு வந்தது மிஸ் சொல்லித்தந்த ஆங்கிலம்தான். "ஐ மஸ்ட் ஓப்பன், மெடம். ஐ நொட் ஓப்பன்" என்றேன். அந்த அம்மா என் மணிக்கட்டில் இரண்டு தரம் தட்டினார். அல்லாஹ் அவருக்கு நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும். சுகப்பட்டுத் தன் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் என்று பிறகு அறிந்தோம். அவர் அந்த இடத்திலேயே என்னைப் பொறுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் மெனேஜரின் அறையில் நானும் மிஸ்ஸும் நின்றோம். அவர் ஆங்கிலத்தில் கேட்டார், மிஸ் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இவன் ஏன் திறக்கவில்லை, பள்ளிக்குப் போகிற அவசரத்திலா என்று அவர் கேட்டார். மிஸ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐ டோல்ட் ஹிம், என்றார். நோ ஆன்ஸர், ஹீ மஸ்ட் நொட் ஓப்பன். நான் சொல்லிக்கொடுத்தது அதுதான், பதில் இல்லாவிட்டால் திறக்கவே கூடாது என்று நானே சொன்னேன், பிழை என்னுடையது. அவ்வளவும் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. துவாய் மூட்டையின் மேல் இருந்து படித்திராவிட்டால், ஆங்கிலம் தெரியாத மனிசன், அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்றாவது ஒரு சாட்டுச் சொல்லலாம். அந்தக் காரணத்தையும் மிஸ்ஸே என்னிடமிருந்து எடுத்துவிட்டார். நோ, ஐ மஸ்ட் ஓப்பன் என்று நாலு சொல் சொல்ல எனக்குத் தெரியும். வாய் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்குக் கலியாணப் பேச்சு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ்ஸை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஜும்ஆ ஏற்பாட்டை மட்டும் நிறுத்தவில்லை. அதன்பிறகு ஆறு வருசம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அவர் பொய் சொல்லி வாங்கித்தந்த ஒன்றரை மணித்தியாலத்தில் போய்த்தான் நான் தொழுதேன். மிஸ் போகிற நாளில், தன் பையை எடுக்கச் சலவை அறைக்கு வந்தபோது, இஸ்திரி மேசையில் கிடந்த தாளை மட்டும் என்னிடம் தந்தார். "புதுசா வாறவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுங்க நானா" என்றார். நான் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தத் தாளை விரிக்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

பாஸ்போட்டைத் தேடிய அன்றிரவு அல்ல, அதற்கு மறுநாள் காலையில்தான் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். விழுந்த அம்மாவின் கதை அவளுக்குத் தெரியும். மெனேஜர் அறைக் கதை தெரியாது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டு, "அந்தப் புள்ளட வேலையப் போக்கிட்டு எப்பிடிகா இவ்வளவு நாளும் சோறு இறங்கிச்சு?" என்று கேட்டாள். பெண்களைக் கூப்பிடுகிற அந்த "கா" யாரை நோக்கி என்று விளங்கவில்லை. கோபத்தில் தன்னைத்தானே கேட்டாள் போலும். அஸர் தொழுதுவிட்டு அவளே முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். நீலக் கேற், வளவுக்குள் ஒரு மாமரம், உள்ளே நீளமான கொட்டிலில் வரிசையாய் இருக்கிற வாங்குப் பலகைகள். கேற்றைத் தட்டினேன். பதில் இல்லை. இரண்டாம் தரம் தட்டினேன். ஒரு காகம் எழும்பிப் பறந்தது. மூன்றாம் தரம் தட்டி, கொஞ்சம் நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது மாதிரி ஒரு ஆறுதல் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். வந்தேன், தட்டினேன், ஆளில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

"இஞ்சருங்க, எங்க திரும்புறீங்க?"

"மூணு தரம் தட்டிட்டன். ஆக்கள் இல்ல."

மனைவி இறங்கவில்லை, ஏறவும் இல்லை, ஒரு காலை நிலத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். "அண்டைக்கும் மூணு தரம்தானே தட்டினீங்க?" என்றாள்.

போய் நாலாம் தரமும் தட்டினேன். உள்ளங்கை நோகத் தட்டினேன். வீட்டின் பின்பக்கமிருந்து, "ஆரது? கிணத்தடில நிக்கன், வாறன், வாறன்" என்று குரல் வந்தது. எட்டு வருசத்திலும் மாறாத குரல். நான் என் பெயரைச் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"ஹவுஸ்கீப்பிங், மிஸ்."

கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது.

தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து கேற்றைத் திறந்தார். காதோரம் கொஞ்சம் நரை. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார், மனைவிக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்தார். அந்தக் கொட்டிலில் வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாராம். ஹோட்டல் வேலை பிறகு கிடைக்கவே இல்லையாம். போன இடமெல்லாம் ஏன் விட்டீங்க என்று கேட்டார்களாம். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். நான் தாளை எடுத்து விரித்து அவர் கையில் வைத்தேன். மெனேஜர் அறையில் எனக்கு எல்லாம் விளங்கியது என்றேன். வாய் இருந்தும் கதைக்கவில்லை என்றேன். மக்காவுக்குப் போகிறேன், என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.

மிஸ் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் உங்களுக்காகச் சொல்லல்ல நானா. அந்த ஏழு பேரும் வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டையோட போறது எனக்குப் பாக்க நல்லா இருக்கும். அதுக்காகச் சொன்னன். அதுல எனக்கு மனவருத்தமில்ல." தாளை ஒருமுறை புரட்டினார். "நீங்க ஒருக்கா வந்து எட்டிப் பாத்திருக்கலாம். இஞ்ச இரிக்கிற சாய்ந்தமருது. அதத்தான் நான் நினைச்சு நினைச்சு இருந்தன்."

மனைவி மாம்பழத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உங்கட மார்க்கத்துல, நான் மன்னிக்கிறது இந்த அஞ்சில எது? பர்ளா?" என்று கேட்டார்.

"இல்ல மிஸ். கேக்கிறது எனக்குப் பர்ளு. உங்களுக்கு அதுல ஒரு கட்டாயமும் இல்ல. மன்னிச்சா உங்களுக்கு நன்மை, மன்னிக்காட்டிக் குத்தமில்ல."

மனைவி என்னை முறைத்தாள், இப்படியா கேட்பது என்கிற மாதிரி. மிஸ் சிரித்தார். இஸ்திரி மேசையடியில் நான் பார்த்த அதே சிரிப்பு, ஆனால் முடியும்போது கண் கலங்கியிருந்தது.

"அப்ப நான் யோசிச்சுச் சொல்றன் நானா. இப்பச் சொன்னா, பயணம் போற மனுசனை அனுப்பி வைக்கிறதுக்காகச் சொன்னதாப் போயிடும். போயிட்டு வாங்க. அங்க எனக்காகவும் கேளுங்க. வந்து தட்டுங்க. மூண்டோட நிப்பாட்டாதீங்க, நான் கிணத்தடியில நிப்பன்."

தாளை அவர் திருப்பித் தரவில்லை. "இது இஞ்ச இரிக்கட்டும், என்னட்டப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டோணும்" என்று மடித்து வைத்துக்கொண்டார். இப்போது பாஸ்போட் கிடைத்துவிட்டது, மகன் வாங்கித்தந்த கழுத்துப் பையில் பத்திரமாய் இருக்கிறது. மண்ணிறச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். தொழுதுவிட்டு அந்தப் பக்கமாய் நடக்கும்போதெல்லாம் என் கை அதன் பைக்குள் போய்ப் பார்க்கிறது. வெறும் பை. பதினொரு நாள், போய் இருக்கிற நாள், திரும்பி வருகிற நாள் என்று எண்ணிக்கொண்டு திண்ணைக்கும் கேற்றுக்கும் நடக்கிறேன். எங்கள் வாசலில் யாராவது தட்டினால், முதல் தட்டலிலேயே எழும்பி ஓடுகிறேன்.